நெப்டியூனுக்கு ஒரு வாளிச் சாம்பல்

சூரியனை
நிலக்கரி அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி வைத்தோம்.
கால்பந்து அளவு. மேசைக்கு மேலே, எதையும் தொடாமல்.
கைபேசியை இறக்கினால் வெறும் மேசை,
தூக்கினால் சூரியன்.
தொலோகோன் பத்துத் தடவை இறக்கி ஏற்றினான்,
அது ஒளிந்துகொள்ளும் கணத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க.

இருபத்தாறு பிள்ளைகள், மூன்று கைபேசி.
ஒன்று என்னுடையது.
ஒன்று பள்ளியுடையது, உடைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
மூன்றாவது சாய்காலுடையது. கண்ணாடியில் விரிசல்,
அவள் காட்டும் கோளுக்கெல்லாம் குறுக்கே ஒரு கோடு.

புதன் கதவருகே. வெள்ளி தாழ்வாரத்தில்,
கோட்டு மாட்டும் ஆணிகளுக்குக் கீழே.
பூமி, இருபத்துமூன்றரை மீட்டரில்,
வாசற்படியில் ஒரு தினை.
"இவ்வளவுதானா?" என்றான் இமான்பெக்,
தூக்கிய காலைக் கீழே வைக்காமல்.
இல்லாத ஒன்றை மிதிக்கப் பயந்தவனைப் பார்த்து
யாரும் சிரிக்கவில்லை.
எல்லோரும் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

அதற்கப்புறம் பனி.
அத்-பாஷியில் ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
வியாழன் கொடிக்கம்பத்தைத் தாண்டி, குருத் உருண்டை அளவில்;
உலர்தயிரின் புளிப்பு மணத்ததாக ஒருத்தி சத்தியம் செய்தாள்.
சனி பேக்கரிக்கு எதிரில்.
ரொட்டிக்கு நின்ற இரண்டு பேர்
வளையம் பார்க்க வரிசையை விட்டு வந்து
இடத்தைப் பறிகொடுத்தார்கள்.

யுரேனஸில் என் கைபேசி செத்தது.
நாற்பது விழுக்காடு இருந்தது, குளிர் அதைக் கேட்கவில்லை.
பள்ளியுடையது அதற்கு முன்பே.
சாய்கால் தன்னுடையதை அக்குளில் இடுக்கி நடந்தாள்,
கோழிக்குஞ்சைக் கொண்டுபோவதுபோல.

எழுநூற்றுப் பத்து மீட்டர். ஆற்றுக்கு முன்னே திறந்தவெளி.
அங்கே செயலி நெப்டியூனைத் தர மறுத்தது.
"தரையைத் தேடுகிறேன். கருவியை மெதுவாக அசைக்கவும்."
அசைத்தாள்.
இன்னும் மெதுவாக.
"தரையைத் தேடுகிறேன்."

நாங்கள் அதன்மேல்தான் நின்றிருந்தோம்.

இரவு பெய்த பனி.
மடிப்பில்லை, புள்ளியில்லை, மேகம் மூடியதால் நிழலுமில்லை.
அப்பழுக்கில்லாத வெள்ளை
அந்தக் கண்ணுக்கு வெட்டவெளி.
எனக்கே அப்போதுதான் உறைத்தது.
எதையாவது பிடித்துக்கொள்ளக் கறை வேண்டும் அதற்கு.

குதித்துப் பார்த்தார்கள். குழிகளும் வெள்ளை.
நான் யோசித்து முடிப்பதற்குள் தொலோகோன் ஓடிவிட்டான்,
சனியை, வியாழனை, தினையை எல்லாம் கடந்து
சூரியனுக்குப் பக்கத்து அடுப்புக்கு.
ஒளி போய்வர எட்டு மணி நேரத்துக்கு மேலாகும் வழியில்
பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பிவந்தான்,
கையில் ஒரு வாளிச் சாம்பல்,
மூக்கில் கரி.

விதைப்பதுபோல வீசினார்கள்.
பாதி காற்றில் எங்கள்மேலேயே விழுந்தது.
சாம்பல் புள்ளிகளைச் செயலி
ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தது, தயங்கியது,
பிறகு நம்பியது.
முழங்கால் உயரத்தில்,
விரிசல் குறுக்கே ஓட,
நீலமாய் ஒரு பட்டாணி.

பார்க்க ஆளுக்கு மூன்று விநாடி. மின்சாரம் நான்கு விழுக்காடு.
கடைசியாகத் தன் முறைக்கு வாங்கிய சாய்கால்
நெப்டியூனைப் பார்க்காமல் என்னைக் கேட்டாள்:
"அப்பா யெகாத்தரின்பர்கில் இருக்கிறார். இந்தக் கணக்கில்
எத்தனை மீட்டர்?"

கையுறையைக் கழற்றி விரலில் வகுத்தேன்.
இரண்டாயிரம் கிலோமீட்டர். பூமி இரண்டு மில்லிமீட்டர்.
"மூன்று முடி கனம்."
"அப்படியென்றால் அந்தத் தினையிலேயேவா?"
"அதன் தோலிலேயே."

அவள் தலையாட்டினாள், விடைத்தாளில் சரி போடுவதுபோல.
திரை அணைந்தது.
வெள்ளையில் சாம்பல் மட்டும்.

திரும்பி வரும்போது வாசற்படியில்
கைபேசி எதுவும் உயிரோடில்லை.
இருந்தும் ஒவ்வொருவராகச் சுற்றிக்கொண்டுதான்
உள்ளே போனார்கள். 
நானும்தான்.